தீவில் சின்னதாக ஒரு கல்யாணம்: செலவுக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கையின் கல்யாணம் ஒரு தீவில், 32 பேர் முன்னிலையில் நடந்தது. கணக்கு வழக்கு முழுக்க என் பொறுப்பு. அன்றிலிருந்து தீவுக் கல்யாணம் யோசிக்கிற நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தீவில் வைத்தால் செலவு குறையுமா, கூடுமா?

ஆள் கணக்கைப் பொறுத்தது. கல்யாணச் செலவில் இரண்டு வகை உண்டு. சாப்பாடு, அறை, படகு, நாற்காலி மாதிரி ஆளுக்கு ஆள் ஏறுவது ஒன்று. போட்டோகிராஃபர், மேடை அலங்காரம், ஒலி அமைப்பு, பதிவுக் கட்டணம் மாதிரி பத்துப் பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் அப்படியே நிற்பது இன்னொன்று. தீவில் முதல் வகைச் செலவு ஒரு ஆளுக்கு எக்கச்சக்கமாக ஏறும். காய்கறி, பால், பூ, டீசல் என்று பாதிக்கு மேல் கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்குபவை. ஆகவே முந்நூறு பேரை முப்பது பேராக்கினால்தான் மொத்தத் தொகை இறங்கும். முந்நூறை நூற்றைம்பது ஆக்கிவிட்டுத் தீவுக்குப் போனால் செலவு ஊரில் செய்வதைவிடக் கூடத்தான் செய்யும்.

பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் கதை வேறு. அப்போது மாறாச் செலவுதான் பட்ஜெட்டில் பெரும்பகுதியைச் சாப்பிடும். அதைக் குறைக்க வழி தேடுங்கள்; அழைப்புப் பட்டியலில் இன்னும் ஒருவரை வெட்டி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

பட்ஜெட் தாளில் முதலில் எந்த எண்ணை எழுதுவது?

மொத்தத் தொகையை எழுதாதீர்கள். ஆள் எண்ணிக்கையை இரவு எண்ணிக்கையால் பெருக்கி எழுதுங்கள். 30 பேர், 3 இரவு என்றால் 90. இதை நான் ஆளிரவு என்று சொல்வேன். அறை, காலை உணவு, தங்கும் வரி, எல்லாமே இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். "இன்னும் ஒரு ராத்திரி தங்கலாமே" என்று யாராவது ஆசையாகச் சொன்னால் 90 என்பது 120 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது, தாளில் காட்டினால் உடனே புரியும்.

எங்கள் வீட்டுப் பட்டியல் ஒரு கோடு போட்ட நோட்டில், பென்சிலில் இருந்தது. முதல் நாள் 24 பெயர். மூன்று வாரத்தில் 41. ஒரு பெயரும் வேண்டாத பெயர் இல்லை, எல்லாரும் வேண்டியவர்களே. அப்போது தங்கை ஒரு கேள்வி வைத்தாள்: கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் காலை, களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும்போது இவர் எதிரே வந்து உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷமா? ஒவ்வொரு பெயருக்கும் இதைக் கேட்டோம். 32இல் வந்து நின்றது. விடுபட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் தங்கையும் மாப்பிள்ளையும் நேரில் போயோ போனிலோ முன்கூட்டியே சொன்னார்கள். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் பணத்தில் மிச்சம் பிடித்ததை உறவில் இழந்திருப்போம்.

விருந்தினர்களின் பயணச் செலவை யார் கொடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விதி எதுவும் கிடையாது. சிலர் அறையை ஏற்கிறார்கள், டிக்கெட்டை விருந்தினர் வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் அப்பா அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு மட்டும் எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள். சிலர் கல்யாண நாள் சாப்பாடு தவிர எதையும் ஏற்பதில்லை. எதுவானாலும் சரி. ஆனால் அது முதல் தகவலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். "மூன்று இரவு அறையும் தீவில் படகும் எங்கள் பொறுப்பு, விமான டிக்கெட்டும் விசாவும் உங்களுடையது" என்று ஒரே வரி போதும்.

விருந்தினர் செலவழிப்பதும் உங்கள் கல்யாணச் செலவுதான். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகவில்லை, அவ்வளவே. அதனால் அழைப்பு அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பட்டியலில் வருமானம் குறைவான ஒருவரை மனதில் வைத்து, அவர் இடத்திலிருந்து கணக்குப் போடுங்கள். டிக்கெட், விசா, விமான நிலையத்துக்குப் போகிற வண்டி, இடையில் ஒரு இரவு தங்க நேர்ந்தால் அந்த அறை, எடுக்கிற விடுப்பு, குழந்தை இருந்தால் அதற்கும் ஒரு டிக்கெட். இரண்டு வயது முடிந்த குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். வருகிற தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை எட்டுகிறதா என்று பாருங்கள்.

தங்கையின் நெருங்கிய தோழி ஒருத்தி வரவில்லை. அலுவலகத்தில் விடுப்பு இல்லை என்றாள். ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, டிக்கெட்டுக்குப் பணம் புரட்ட முடியவில்லை என்று. கேட்டிருந்தால் பூ அலங்காரத்தைப் பாதியாக்கி அவளைக் கூட்டி வந்திருப்போம். அவள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கத் தோன்றாமல் இருந்துவிட்டோம். தங்கைக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு. அதனால் சொல்கிறேன்: நாலு பேருக்காவது டிக்கெட் உதவி என்று பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். அதை யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

எந்தத் தீவு என்பதைச் செலவை வைத்து எப்படி முடிவு செய்வது?

ரிசார்ட் அழகை விட்டுவிட்டு, விமானத்திலிருந்து இறங்கிய பிறகு எத்தனை வாகனம் மாற வேண்டும் என்று எண்ணுங்கள். மொரிஷியஸ், பாலி மாதிரியான தீவுகளில் விமான நிலையம் தீவிலேயே இருக்கிறது. வேன் பிடித்தால் போதும். மாலத்தீவில் தலைநகர் மாலேயை ஒட்டிய விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து விசைப்படகோ கடல் விமானமோ உள்நாட்டு விமானமோ ஏற வேண்டும். இதற்கான கட்டணம் ஆளுக்கு இவ்வளவு, போக வர இவ்வளவு என்று கணக்காகும். 30 பேர் என்றால் 60 பயணம்.

கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விருந்தினரின் விமானம் மாலையில் தாமதமாக வந்து இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தங்கி, காலையில்தான் போக முடியும். அந்த இரவும் ஒரு ஆளிரவு. பெட்டி எடைக்கும் கட்டுப்பாடு உண்டு. கல்யாணத் துணிமணியோடு வருகிறவர்களுக்குக் கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டி வரலாம். விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் போகிற தூரத்தில் இருக்கும் தீவு, அறை வாடகை கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் மொத்தத்தில் மலிவாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

சீசன் இல்லாத மாதத்தில் வைத்தால் மிச்சமாகுமா?

ஆகும். ஆனால் சீசன் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டு வையுங்கள். கரீபியன் பக்கம் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் நடுவாக்கில். மொரிஷியஸ் இருக்கும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடலிலும், ஃபிஜி இருக்கும் தென் பசிபிக்கிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். பாலியில் அதே மாதங்களில் மழை. மாலத்தீவில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட வானிலை, விலையும் உச்சம்.

அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் கரீபியனின் தென்கோடியில், புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்கு வெளியே இருப்பவை. சேஷெல்ஸின் முக்கியத் தீவுகளும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் புயல் அவ்வளவாக எட்டாது. சலுகை மாதத்தில்தான் செய்ய முடியும் என்றால் இப்படிப்பட்ட தீவுகளைப் பாருங்கள்.

என்னுடைய தேர்வு, சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்னும் முடிந்த உடனேயும் வருகிற வாரங்கள். விலை இறங்கியிருக்கும், வானம் பெரும்பாலும் ஒத்துழைக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தொடவே வேண்டாம். அந்த நாட்களில் பல ரிசார்ட்டுகள் குறைந்தபட்சம் இத்தனை இரவு தங்க வேண்டும் என்று நிபந்தனை போடும், சிறப்பு விருந்துக்கு ஆளுக்கு ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்க்கும். பாலியில் ந்யெபி என்கிற மௌன நாள், பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், தெருவில் யாரும் நடமாட முடியாது. தேதி குறிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டேஷனில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று போட்டிருக்கிறதே?

சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம். சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். இரண்டையும் கூட்டி 27 என்று நினைக்கக் கூடாது. வரி, சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல் விழுகிறது. 100 டாலர் விருந்து முதலில் 110 ஆகி, அதன் மேல் 17 சதவீதம் ஏறி 128 டாலர் 70 சென்ட் ஆகும். 32 பேருக்கு 3,200 டாலர் என்று நீங்கள் எழுதி வைத்தது பில்லில் 4,118 டாலராக வந்து நிற்கும். இதற்கு மேல் பசுமை வரி என்று ஒன்று. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். 90 ஆளிரவுக்கு 1,080 டாலர். மேலே சொன்ன ஆளிரவுக் கணக்கு எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

பாலியில் '++' என்றால் வழக்கமாக 21 சதவீதம் கூடும். பஹாமாஸில் மதிப்புக்கூட்டு வரி 10 சதவீதம். எந்தத் தீவானாலும் ரிசார்ட்டுக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே "எல்லா வரியும் கட்டணமும் சேர்த்து, கையில் கொடுக்க வேண்டிய இறுதித் தொகையைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிடும்போது இறுதித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

இத்தனை அறை எடுத்தால் கல்யாணப் பேக்கேஜ் இலவசம் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் ஒரு அலங்கார வளைவு, ஒரு பூங்கொத்து, சின்ன கேக், சடங்கை நடத்தி வைக்க ஒருவர், கொஞ்சம் நாற்காலி. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒவ்வொரு விருந்தினருக்கும் தனிக் கட்டணம். தனியாக விருந்து வைக்க இடம் வேண்டுமென்றால் அதற்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, இரவு இத்தனை மணிக்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு.

வெளியிலிருந்து போட்டோகிராஃபரையோ ஒப்பனைக்காரரையோ அழைத்து வந்தால் வெளியாள் கட்டணம் என்று பல ரிசார்ட்டுகள் வசூலிக்கும். அந்தக் கலைஞர் வாங்குகிற தொகையில் பாதியை எட்டுகிற கட்டணத்தைக்கூட நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் சில சமயம் தள்ளுபடி செய்வார்கள், அதுவும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான். முன்பணம் போன பிறகு உங்கள் பேச்சுக்கு எடை குறைந்துவிடும்.

ரிசார்ட், தனி வில்லா, பொதுக் கடற்கரை: எது மலிவு?

வாடகையை மட்டும் பார்த்தால் வில்லா மலிவாகத் தெரியும். ஆனால் ரிசார்ட்டில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் வில்லாவுக்கு நீங்கள் கொண்டுவர வேண்டும். நாற்காலி, மேசை, தட்டு, கண்ணாடி டம்ளர், சமையல் ஆட்கள், விளக்கு, ஜெனரேட்டர், கூடுதல் கழிப்பறை, மறுநாள் துப்புரவு. இதற்கு மேல் நிகழ்ச்சிக் கட்டணம் என்று வில்லாக்காரர் ஒன்று வாங்குவார். பாலியில் அந்தப் பகுதியின் பஞ்சார், அதாவது ஊர்ச் சமூக அமைப்புக்கும் ஒரு கட்டணம் உண்டு. இருபது இருபத்தைந்து பேர் அங்கேயே தங்கி அங்கேயே சாப்பிடுவதாக இருந்தால் வில்லா உண்மையிலேயே லாபம். அதைத் தாண்டினால் கணக்கு ரிசார்ட் பக்கம் சாயும்.

பொதுக் கடற்கரை இலவசம் என்று நினைக்க வேண்டாம். ஹவாயில் அரசுக் கடற்கரையில் கல்யாணம் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். கட்டணம் சொற்பம்தான், ஆனால் வளைவு, கூடாரம், மேசை எதையும் மணலில் நிறுத்த விடமாட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் நின்றபடி அரை மணி நேரத்தில் முடிக்கிற கல்யாணத்துக்கு அது அருமையான இடம்.

மாலத்தீவில் உள்ளூர் மக்கள் வசிக்கும் தீவுகளின் விருந்தினர் இல்லங்கள் ரிசார்ட்டைவிடப் பல மடங்கு மலிவு. அங்கே மது கிடையாது, உடை விஷயத்திலும் ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு அது ஒத்துவருமானால் தாராளமாக யோசிக்கலாம்.

சட்டப்படி பதிவு தீவிலேயே செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. பட்ஜெட்டுக்காகப் பார்த்தால், சொந்த நாட்டில் பதிவை முடித்துவிட்டுத் தீவில் சடங்கை மட்டும் வைப்பதுதான் எளிது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

தீவிலேயே சட்டப்படி செய்தால் இடத்துக்கு இடம் விதி மாறும். ஹவாயில் குடியிருப்பு நிபந்தனையும் காத்திருப்பும் இல்லை. திருமண உரிமம் 30 நாள் செல்லும். ஜமைக்காவிலும் பஹாமாஸிலும் வந்து இறங்கி 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இந்தோனேசியாவில் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி மதச் சடங்கு நடந்தால்தான் பதிவு. இருவரும் வேறு வேறு மதம் என்றால் அங்கே பதிவு செய்வது மிகக் கடினம்.

காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அறை வாடகைதான். ஆவணங்களை மொழிபெயர்க்கவும் சான்றொப்பம் வாங்கவும் செலவு. வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961 ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்தால் அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். இல்லாவிட்டால் தூதரகம் வரை அலைய வேண்டும்.

அலங்காரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

நீங்கள் நினைத்ததில் பாதி போதும். பின்னால் கடல் இருக்கும்போது அதற்கு முன்னால் பூச்சுவர் கட்டுவது எனக்குப் புரிவதே இல்லை. குளிர் நாட்டுப் பூக்கள் விமானத்தில் வந்து, வெயிலில் ஒரு மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். ஆர்க்கிட், ஈழத்தலரி, தென்னங்குருத்து என்று அங்கேயே விளைவது விலையும் குறைவு, வாடாமலும் நிற்கும். வெண்ணெய்க் கிரீம் கேக் வேண்டாம். வெண்ணெய் 32 டிகிரி தாண்டினால் உருகத் தொடங்கும். திறந்த வெளியில் மாலை வரை அது நிற்காது.

பணத்தைப் போட வேண்டிய இடங்கள் வேறு. எங்கள் கல்யாணத்தில் மெல்லிய கால் கொண்ட நாற்காலிகளை மணலில் போட்டிருந்தார்கள். என் பெரியம்மா உட்கார்ந்ததும் பின்னங்கால் இரண்டும் மெதுவாக இறங்கின. அவர் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தே சடங்கு முழுவதையும் பார்த்தார். எழுந்து நிற்கவே பயம் அவருக்கு. ஒரு மரப்பலகைத் தளத்துக்கு அவர்கள் கேட்ட தொகையை நான்தான் அநாவசியம் என்று அடித்திருந்தேன். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் அதை அடிக்காதீர்கள். குடிதண்ணீர், கை விசிறி, நிழல், கொசுவுக்கு மருந்து, இவையும் அப்படித்தான்.

நேரம் குறிப்பதில் செலவுக்குச் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஆண்டு முழுவதும் மாலை 6 மணியை ஒட்டியே மறையும், மறைந்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். சடங்கு 5.30க்குத் தொடங்கி அரை மணி தாமதமானால் போட்டோவுக்கு வெளிச்சம் போய்விடும், வாடகை விளக்குக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். நாலரை மணி நல்ல நேரம். மாலத்தீவில் சில ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அலை அட்டவணை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகம். மணல்திட்டில் மேசை போடுவதாக இருந்தால் அன்று மாலை ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள். அட்டவணை பார்க்கக் காசு வேண்டாம்.

போட்டோகிராஃபரை நம்மோடு கூட்டிப் போவதா, அங்கேயே பிடிப்பதா?

அங்கேயே பிடியுங்கள். கூட்டிப் போனால் டிக்கெட், அறை, சாப்பாடு, சில நாடுகளில் வேலை செய்ய அனுமதி என்று சேர்ந்துவிடும். உள்ளூர்க்காரருக்கு எந்த மணிக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் என்று தெரியும். முழு நாளும் வேண்டாம், நான்கு மணி நேரம் தாராளம். ட்ரோன் வேண்டுமென்றால் அனுமதி அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அறைகளை மொத்தமாக முன்பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பத்து அறைக்கு மேல் எடுத்தால் குழு விலை கேட்கலாம். ஒரு அறை இலவசம், மணமக்களுக்கு மேம்பட்ட அறை என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும்: ஒதுக்கிய அறைகளில் இத்தனை சதவீதம் நிரம்பாவிட்டால் காலி அறைக்கும் நீங்களே பணம் தர வேண்டும். 15 அறை ஒதுக்கி, 80 சதவீதம் நிபந்தனை என்றால் 12 அறை உங்கள் தலையில். வருகிறவர்கள் உறுதி சொல்லும் வரை குறைவாகவே ஒதுக்குங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் பிறகு கேட்கலாம், தருவதற்கு அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

எந்தத் தேதி வரை அபராதம் இல்லாமல் அறையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து, அதற்குப் பத்து நாள் முன்னால் விருந்தினர்களிடம் கடைசிப் பதிலை வாங்கிவிடுங்கள்.

பணத்தை எப்போது, எந்த நாணயத்தில் கட்டுவது?

பெரும்பாலான தீவு ரிசார்ட்டுகள் டாலரிலோ யூரோவிலோ விலை சொல்லும். நீங்கள் கையெழுத்துப் போடும் நாளுக்கும் கடைசித் தவணைக்கும் இடையில் எட்டு, பத்து மாதம் இருக்கலாம். அதற்குள் உங்கள் நாணயத்தின் மதிப்பு 5 சதவீதம் சரிந்தால் பட்ஜெட்டும் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். அதனால் பட்ஜெட்டை அவர்கள் நாணயத்திலேயே எழுதி, பக்கத்தில் உங்கள் நாணயத்தில் இன்றைய மதிப்பைவிடச் சற்றுக் கூட்டிப் போட்டு வையுங்கள். கார்டில் கட்டினால் வங்கி எடுக்கும் அயல்நாணயக் கட்டணம் 2, 3 சதவீதம் ஆகலாம். கட்டும் இயந்திரம் "உங்கள் நாணயத்தில் கட்டலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும்.

முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று தவணை நியாயம். சிறிய கடைக்காரர்களுக்கு வங்கிப் பரிமாற்றம் தவிர வழி இல்லாதபோது ரசீதும், என்ன வேலைக்கு என்ற விவரமும் எழுத்தில் வாங்குங்கள்.

காப்பீடு எடுக்கத்தான் வேண்டுமா?

ஆமாம். பயணக் காப்பீடு வேறு, கல்யாணம் ரத்தானால் ஈடு தருகிற காப்பீடு வேறு. இரண்டாவது எல்லா நாட்டிலும் கிடைக்காது. கிடைத்தால் முன்பணம் கட்டுகிற வாரத்திலேயே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கிற காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது. விருந்தினர்கள் ஒவ்வொருவரும் மருத்துவ வெளியேற்றம் உள்ள பயணக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். சின்னத் தீவில் நெஞ்சு வலி வந்தால் படகிலோ விமானத்திலோ பெரிய ஊருக்குக் கொண்டு போக வேண்டும், அந்தச் செலவு கல்யாணச் செலவைவிடப் பெரிதாகப் போகலாம்.

எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

வரி எல்லாம் சேர்த்த தொகையில் 15 சதவீதம். மழை வந்தால் கூடாரம், தொலைந்த பெட்டிக்கு மாற்று உடை, படகு தவறியவருக்கு இன்னொரு படகு, பணியாளர்களுக்கு அன்பளிப்பு என்று எல்லாம் இதிலிருந்துதான். எங்களுக்குக் காற்று பலமாக அடித்ததால் கடைசி நேரத்தில் விருந்தை உள்ளே மாற்றினோம். இரண்டாவது இடத்துக்கும் வாடகை கொடுத்தோம். மழைக்கு மாற்று இடம் இலவசமாகத் தருவார்களா என்று முன்பே கேட்டிருந்தால் அது மிச்சம்.

பட்ஜெட் தாங்கவில்லை என்றால் எதை முதலில் வெட்டுவது?

இரவை வெட்டுங்கள், ஆளை வெட்டாதீர்கள். நான்கு இரவை மூன்றாக்கினால் பெரிய தொகை கையில் நிற்கும், வந்தவர்களுக்கும் விடுப்பு மிச்சம். அடுத்தது, வரவேற்பு விருந்து, கல்யாண விருந்து, விடைபெறும் விருந்து என்று மூன்று இருந்தால் ஒன்றை மட்டும் பெரிதாக வைத்து, மற்ற இரண்டையும் கடற்கரையில் தேநீர், சிற்றுண்டியோடு முடியுங்கள். வார நாளில் வைத்தால் பல இடங்களில் விலை இறங்கும். விருந்தினர் பரிசுப் பைகளை முழுசாக விட்டுவிடலாம். விமான எடைக்குப் பயந்து பாதிப் பேர் அறையிலேயே வைத்துவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகும் செலவு உண்டா?

தீவில் சட்டப்படி பதிவு செய்திருந்தால், கிளம்புவதற்கு முன் சான்றிதழின் அத்தாட்சி பெற்ற நகல்களை நாலைந்து வாங்கிவிடுங்கள். அங்கே இருக்கும்போது சின்னத் தொகை, திரும்பி வந்த பிறகு கேட்டால் கூரியர், முகவர், மாதக்கணக்கில் காத்திருப்பு. அறைகளைக் காலி செய்யும் நாளில் இறுதிப் பில்லை முந்தின இரவே வாங்கி, ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சரிபாருங்கள். எங்கள் பில்லில் வராத ஒரு விருந்தினரின் இரண்டு இரவு இருந்தது. காட்டியதும் மன்னிப்புக் கேட்டுக் கழித்துவிட்டார்கள்.